அம்பாசடருக்கு அடித்த புதுப் பெயின்ட்

ஏலத்துக்கு வரும் பழைய கார்கள் என்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை. திருவட்டாறு தங்கப்பன் அண்ணனின் அம்பாசடருக்குத் தாராளமாகவே விலை சொல்லியிருந்தேன். கம்பெனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்ததுதான் காரணம்; பழைய கார் சேகரிப்பவர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள். “வண்டியில ஒண்ணும் செய்யாண்டாம் அண்ணே” என்று மட்டும் அவரிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

என் கணிப்பை நம்பி, ஏலத்துக்கு முன் வண்டியைப் பார்க்க ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். அவரோடு அண்ணன் வீட்டில் போய் இறங்கினேன். முற்றத்தில் வண்டி பளபளவென்று புதுப் பெயின்டோடு நின்றது. முன்னால் பிச்சிப்பூ மாலை வேறு.

வந்தவர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “கம்பெனி பெயின்ட்னு எழுதியிருந்தீங்களே?”

எனக்குத் தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்குள், என்னை எப்போதும் மகள் என்றே அழைக்கும் அண்ணன் சிரித்தபடி முந்திக்கொண்டார்.

“நேத்துதான் அடிச்சு முடிச்சேன் சாரே! மோளு இவ்வளவு வெலை சொல்லியிருக்கா. வண்டி மோசமா நின்னா அவளுக்கில்லா கொறச்சல்?”

அண்ணனைத் தனியே அழைத்து, பழைய பெயின்டுக்காகத்தான் அந்த விலை என்ற உண்மையைச் சொன்னேன்.

“எனக்குச் செலவு வைக்கப்பிடாதுன்னு நீ சொன்னதாட்டுல்லா நெனச்சேன். செரி, அவரையும் விளி மோளே, சாயா குடிக்கலாம்.”

அவர் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். இப்போதெல்லாம் காரணத்தைச் சொல்லாமல் விலையைச் சொல்ல வாய் வருவதில்லை.