முப்பத்தொரு சதவீதம்

எங்கள் வீட்டு மோடத்தில் ஐந்து விளக்குகள். நான்கு அசையாமல் எரியும். ஐந்தாவது, இணையத்தில் ஏதாவது வந்துபோகும்போது மட்டும் மினுக்கும். ஒருநாள் பிற்பகல் கணினியை யாரும் தொடாமலிருக்க, அந்த ஐந்தாவது விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்று நான்கு. என் நாடித்துடிப்பைவிட அதிகம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெளக்குதானே, மினுக்கிட்டுப் போகட்டும். பொழுதுக்கும் அதையும் எண்ணணுமா?" என்றாள்.

அது என்னவென்று அன்றே தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு நாங்கள் கட்சால் தீவை விட்டு இந்தத் தீவிலுள்ள ஹட் பே ஊருக்கு வந்தோம். கட்சால் ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கணினி, சென்னையில் வேலை பார்க்கும் மகன் கப்பலில் அனுப்பியது. பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம் என்றான். எங்கள் தீவுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வரும். அதையும் மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுப்பார்கள். அதில் பேரப்பிள்ளைகளின் முகம் பாதி வந்து நின்றுவிடும். அதனால் கணினியை நான் வேறொரு வேலைக்கு வைத்துக்கொண்டேன். நிலம் ஆடினால், ஆட்டம் எங்கே, எவ்வளவு, கடல் பொங்குமா என்று சொல்லும் பக்கம் ஒன்று உண்டு. படங்கள் இல்லாத பக்கம். ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும்.

இதை வேலையற்ற கிழவனின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் வரை என் நடையில் பதினொரு நிமிடம். மனைவியின் நடையில் இருபத்து நான்கு. அவளுடைய இடது முட்டி மடங்காது. ஒருமுறை மேடேறி இறங்கினால் முட்டி வீங்கி ஒரு வாரம் படுக்கை. இங்கே நிலம் அடிக்கடி ஆடும். இரண்டு வருடத்தில் என் நோட்டில் பத்தொன்பது ஆட்டங்கள் இருந்தன. பத்தொன்பது தடவையும் ஏறியிருந்தால் அவள் நடையே போயிருக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்ததால் மூன்று தடவைதான் ஏறினோம். ஆனால் ஏற வேண்டிய ஒரு நாளில் ஏறாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த முட்டி எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்சாலில் சுனாமி வந்த அன்று காலை நிலம் ஆடி ஓய்ந்ததும் நான் ஸ்டோருக்கு ஓடினேன். ரப்பர் ஷீட் அடுக்கெல்லாம் சரிந்து கிடந்தது. எண்ணத் தொடங்கினேன். நாற்பத்து மூன்றாவது ஷீட்டில் மனைவி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் தனியாக ஓடியிருந்தால் மேட்டில் இருந்திருப்பாள். என்னைத் தேடி வந்ததால் தண்ணீர் எங்களைப் பிடித்தது. அதில் மிதந்து வந்த உத்திரம் அவள் முட்டியில் அடித்தது. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் என்னைக் குறை சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விளக்கை எண்ணிய பத்தாவது நாள். மதியச் சாப்பாடு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் அலை எழுந்தது. அலமாரியில் தட்டுகள் உரசின. நாற்பது நொடி ஆடியது. நோட்டில் இருந்த பத்தொன்பதிலும் அவ்வளவு நேரம் ஆடியது ஒன்றும் இல்லை.

கணினி முன்னால் போய் நின்றேன். எப்போதும் திறந்தே வைத்திருக்கும் கணினி. திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மேம்படுத்தும் வேலை நடக்கிறது, இருபத்தாறு சதவீதம் முடிந்தது, அணைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது தானாகவே அணைந்து தானாகவே எழுந்திருக்கிறது. பத்து நாளாக விளக்கு மினுக்கியது எதை இறக்கவென்று அப்போதுதான் புரிந்தது.

"என்னாங்க, போறதா இருக்கிறதா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இரு, பார்த்துச் சொல்றேன்."

இருபத்தேழு. இருபத்தெட்டு. ஒவ்வொரு சதவீதத்துக்கும் நாற்பது நொடி, ஐம்பது நொடி ஆனது. நூறு வரைக்கும் எவ்வளவு என்று மனம் பெருக்கிப் பார்த்தது. ஐம்பது நிமிடத்துக்கு மேல். மகனுக்குப் போன் போட்டேன். லைன் போகவில்லை. இருபத்தொன்பது.

பக்கத்து வீட்டு வங்காளி வேலியோரம் வந்து நின்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் டிரான்சிஸ்டர், மறு கையில் மனைவி.

"சலோ, ஸ்டோர் பாபு! ஜல்தி!" சீக்கிரம் கிளம்பு என்று மேட்டைக் காட்டினார்.

"ஏக் மினிட், தாதா. கம்ப்யூட்டர் அப்டேட் ஹோ ரஹா ஹை." ஒரு நிமிடம் அண்ணா, கம்ப்யூட்டர் அப்டேட் ஆகிறது என்றேன்.

"அரே, பானி கம்ப்யூட்டர் ஸே பூச்கே ஆயேகா கியா?" என்று கத்திவிட்டு நடந்தார். தண்ணீர் கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டா வரும் என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் மடங்கும்.

முப்பது. அதில் வெகுநேரம் நின்றது. முப்பத்தொன்று ஆனபோது, "இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லித் திரும்பினேன். சமையலறையில் ஆள் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. கைத்தடியும் இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். நிலம் ஆடி ஆறு நிமிடம்.

ஓடினேன். அவள் சாலைத் திருப்பத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. தடியை ஊன்றி, இடது காலைப் பக்கவாட்டில் வீசி வீசி நடந்துகொண்டிருந்தாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"ஒருவாட்டி வந்து கூப்பிட்டேனே, பத்தாதா?"

அந்த ஒருவாட்டி எது என்று நான் கேட்கவில்லை.

அன்று தண்ணீர் வரவில்லை. மேட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினோம். முட்டி ஒன்பது நாள் வீங்கியிருந்தது. அந்த ஒன்பது நாளும் அவள் என்னிடம் அளந்துதான் பேசினாள். நான் எண்ணெய் தடவிவிட்டேன். மீதி நேரமெல்லாம் கணினியைப் பிரித்து மேய்ந்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து வங்காளிதான் வழி சொன்னார். மெயின்லேண்டில் எல்லோருக்கும் அளவில்லாமல் இணையம் வருவதால் கணினி இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறது. இங்கே அளந்துதான் வருகிறது என்று அதற்கு அமைப்புகளில் சொல்லிவிட்டால் கேட்காமல் எதையும் பெரிதாக இறக்காது என்றார். சொன்னேன். ஐந்தாவது விளக்கு ஓய்ந்தது. எனக்கு அது போதவில்லை. உள்ளே சேவைகள் என்றொரு நீண்ட பட்டியல் இருந்தது. வரிசையாக எண்ணிக்கொண்டே போய், மேம்படுத்தும் சேவையைக் கண்டுபிடித்து, அதை முழுக்கவே முடக்கினேன். வங்காளி தலையில் அடித்துக்கொண்டார்.

"பந்த் மத் கரோ, பாபு. கன்ட்ரோல் கரோ."

நிறுத்தாதே, கட்டுக்குள் வை என்கிறார். ஆறு நிமிடம் நீலத் திரைக்கு முன்னால் நின்றவன் அவரில்லை. நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு சின்ன ஆட்டங்களுக்கும் பக்கம் ஐம்பது நொடியில் திறந்தது. ஏற வேண்டாம் என்றது. "பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "பாத்தேன், பாத்தேன்" என்றாள். அதன்பின் ஏழு மாதம் நிலம் அசையவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை ஆடியது. முப்பது நொடி. கணினி தயாராக இருந்தது. நீலத் திரை இல்லை, சதவீதம் இல்லை. முகவரியைத் தட்டினேன். பக்கத்துக்குப் பதிலாக ஒரு அறிவிப்பு வந்தது. உங்கள் கணினியில் இருப்பது பழைய மென்பொருள், பாதுகாப்பான இணைப்பு கொடுக்க முடியாது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே. அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் நடுவில் எதையோ புதிதாக்கியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக என் கணினி கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் நான்தான் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

கை மூன்றாவது தடவை தட்டப் போனது. எழுந்துவிட்டேன். மனைவி அப்போதுதான் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வா, புள்ள. போவோம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெட்டி என்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. வா."

வழியில் இரண்டு தடவைதான் நின்றோம். பள்ளிக்கூட வராந்தாவில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்ட பிறகு, அவளுக்கு மூச்சு வாங்குவது நின்ற பிறகு, நடந்ததைச் சொன்னேன். நானே நிறுத்தி வைத்ததால்தான் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நாம இங்க குந்தியிருக்கிற நேரத்துல அது பாட்டுக்கு அங்க அப்டேட் ஆகியிருக்கலாமே?"

"ஆகாது. நான் போய் அனுமதி குடுத்தாத்தான் ஆகும். அப்படித்தான் வச்சிருக்கேன்."

"இதுக்கும் ஸ்டோர் பாபு கையெழுத்து வேணுமாக்கும்!"

பக்கத்தில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்த வங்காளி தமிழ் தெரியாமலே சிரித்தார். அவள் சிரித்ததற்காகச் சிரித்திருப்பார். சற்று நேரத்தில், ஆபத்து இல்லையாம் என்று கையை ஆட்டினார்.

இறங்கி வந்ததும் சேவையைத் திறந்துவிட்டு, இறக்கு என்று உத்தரவு கொடுத்தேன். ஏழு மாதத்துப் பாக்கி. எங்கள் இணைப்பின் வேகத்தில் இரண்டு நாள் ஆகும் போலிருந்தது. அந்த இரண்டு நாளும் அந்தப் பக்கம் இல்லை. நிலம் ஆடினால் கேட்டுச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு முட்டி வீங்கத் தொடங்கியிருந்தது. ஆடினால் எதையும் பார்க்காமல் உடனே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வசதியாக, கட்டிலைப் பிரித்து முன்னறைக்குக் கொண்டுவந்து வாசல் கதவை ஒட்டிப் போட்டேன். எட்டு மரையாணிகளில் ஒன்று கிடைக்கவில்லை. ஏழு ஆணிகளைக் கொண்டே முடுக்கினேன்.