சிவப்பு ஸ்டிக்கரும் இரண்டு வளையல்களும்

பதினோரு வருடமாக நான் ஆட்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்பது ஹெச்.ஆர். அறைக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

ஓசூரில், வண்டிகளுக்குச் சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள் அடித்துத் தரும் கம்பெனியில் நான் பிரஸ் மிஷின் ஆபரேட்டர். புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவன், பீகாரிலிருந்து வந்தவன், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவன், எல்லோரும் ஒரு வாரம் என்னோடு நின்றுவிட்டுப் பத்து விரலோடும் போயிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடம் நடத்துவது என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன் என்பதால் நானும் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை.

நின்று நின்று வலது முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இனிமே நின்னு செய்யற வேல ஆவாது" என்றார். எங்கள் கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் குறைவு. அதிலும் எனக்கு எட்டக்கூடியது ஒன்றுதான்: டோஜோ டிரெய்னர். டோஜோ என்றால் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அறை. ஜப்பான்காரர்களைப் பார்த்து வைத்த பெயர். அங்கே நாற்காலி உண்டு, ஃபேன் உண்டு, பகல் ஷிஃப்ட் மட்டும்தான். இருந்த டிரெய்னர் ரிட்டையர் ஆகப் போகிறார் என்று கேள்விப்பட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

ஹெச்.ஆர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"அண்ணா, உங்கள விட்டா யாரு இருக்காங்க? ஆனா மூணு மாசத்துல ஆடிட் வருது. டிரெய்னருக்கு டிரெய்னிங் குடுத்த பேப்பர் எங்கன்னு கேப்பாங்க."

"பதினோரு வருசமா நான்தான சார் சொல்லித் தரேன்?"

"உங்களுக்கு வரும்னு எனக்குத் தெரியும்ணா. பேப்பருக்குத் தெரியாதுல்ல?"

ஆன்லைனில் ஆசிரியர் பயிற்சிக்கு ஓர் அறிமுக வகுப்பு இருக்கிறது, பத்து ஞாயிற்றுக்கிழமை, எட்டு வகுப்புக்காவது வந்திருக்க வேண்டும், கடைசியில் ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்றார். ஆடிட்டுக்குள் சர்டிஃபிகேட் வந்தால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் டிப்ளமோ முடித்த யாரையாவது எடுத்துவிடுவார்களாம். "அவங்களுக்கும் நீங்கதான் வேல சொல்லித் தரணும்ணா" என்று ஆறுதலும் சொன்னார்.

சேருவதற்கு ஃபாரம் போட உட்கார்ந்தேன். கல்வித் தகுதி என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கி வருகிறது. பத்தாவதில் தொடங்கி முனைவர் பட்டம் வரை இருக்கிறது. பத்தாவதுக்குக் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பட்டியலைச் செய்தவருக்கு யாரும் சொல்லவில்லை போல. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் 'குறிப்பிடவும்' என்று ஒரு கட்டம் வந்தது. நான் அரை மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவள். பூவை எங்கே வெட்ட வேண்டும் என்று முடிவெடுக்க அவளுக்கு ஒரு நொடி போதும்.

"ஒம்பதாவதுன்னு போட வேண்டியதுதான?"

"சேத்துக்கலன்னா?"

"போடாத உட்டா மட்டும் சேத்துக்குவாங்களா?"

நான் 'அனுபவம்' என்று எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அன்றிலிருந்து இன்னொரு கவலை: பொய் சொல்லிவிட்டேனோ, என்றைக்காவது கூப்பிட்டுக் கேட்பார்களோ?

முதல் வகுப்பு. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில், இஸ்திரி போட்ட சட்டையோடு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். வகுப்பெடுக்கும் மேடம் கணீரென்று பேசினார். அன்றைய பாடம், மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பது. ஒன்றரை மணி நேரம் மேடம் மட்டுமே பேசினார். திரையில் இருப்பதை அப்படியே படிக்காதீர்கள் என்று திரையில் இருந்ததை அப்படியே படித்தார். புரிந்ததா என்று கேட்கக் கூடாது, அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். 'எஸ் மேம்' என்று முப்பது பேர் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

முடிவில், "எல்லாரும் வீடியோ ஆன் பண்ணி ஸ்மைல் பண்ணுங்க, அட்டெண்டன்ஸுக்கும் சர்டிஃபிகேட்டுக்கும் சிஸ்டம் போட்டோ எடுக்கும்" என்றார். நான் தலையை வாரிக்கொண்டு சிரித்தேன். என் கட்டம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரம் மொட்டை மாடிக்குப் போனேன். வெயிலில் சட்டை நனைந்ததுதான் மிச்சம். கட்டம் கறுப்பாகவே இருந்தது. அன்று எங்களை நாலு நாலு பேராகப் பிரித்துத் திரையிலேயே தனி அறையில் விட்டார்கள். நாகரசம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என் குழுவில் இருந்தார். பின்னால் மாமரம் தெரிய, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சார் எந்த ஊரு?"

"மூக்கண்டப்பள்ளிங்க."

"அங்க எந்த ஸ்கூலு? எத்தன பசங்க?"

வாயில் பொய் வரவில்லை, உண்மையும் வரவில்லை. "ஷிஃப்ட்டுக்கு முப்பது பேருங்க" என்றேன்.

"ஷிஃப்ட் ஸ்கூலா? பரவால்லயே! பசங்க அடங்கறாங்களா?"

"மிஷின் சத்தத்துல யாரு பேசப் போறாங்க சார்?" என்று உளறிவிட்டேன். அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நல்ல வேளை, நேரம் முடிந்து அறையை மூடிவிட்டார்கள்.

மறுநாள் மெயில் வந்தது. முகம் தெரியாததால் இரண்டு வகுப்புக்கும் நான் ஆப்சென்ட். இனி ஒன்று விட்டாலும் சர்டிஃபிகேட் கிடையாது. முட்டி அப்போதே வலிக்க ஆரம்பித்தது. மனைவி என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, மூஞ்சி மேல ஸ்டிக்கர ஒட்டிகினு மூஞ்சி தெரியலன்னா எப்பிடிங்க தெரியும்?"

கம்பெனிக்குள் யாரும் படம் எடுக்கக் கூடாது. அதனால் மாதம் பிறந்தால் கேட்டில் செக்யூரிட்டி எல்லோருடைய போனிலும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். எத்தனையோ வருடமாக ஒட்டி ஒட்டி, போனில் கேமரா என்று ஒரு சாமான் இருப்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. ஸ்டிக்கரும் போனோடு பிறந்தது என்றே நினைப்பு.

"பிச்சிப் போடுங்க" என்றாள்.

அது எப்படி முடியும்? ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் கேட்டில் மெமோ. மெமோ வாங்கியவனுக்கு ஒரு வருடம் புரமோஷன் கிடையாது. பிய்த்தால் டோஜோ போகும், பிய்க்காவிட்டால் சர்டிஃபிகேட் போய் அதனால் டோஜோ போகும்.

செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவர் பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. "எனக்கேம்ணா, தாராளமா பிக்கலாம். ஹெச்.ஆர். சைன் போட்ட லெட்டர் குடு" என்றார். ஹெச்.ஆரிடம் போனேன்.

"கேமரா எதுக்குண்ணா?"

"நீங்க சேரச் சொன்ன கிளாஸுக்குத்தான் சார்."

"அப்ப கேமரா கட்டாயம்னு கோர்ஸ்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

கோர்ஸ் அலுவலகத்துக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: உங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க, நீங்கள்தான் எழுதினீர்கள் என்று உறுதி செய்ய வேண்டும், கேமராவை ஆன் செய்து வீடியோ அழைப்பில் வரவும்.

அந்த மெயிலை மூன்று தடவை படித்தேன். மனைவி ஒரு தடவை படித்தாள். தன் போனை எடுத்து அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். "ஞாயித்துக்கெழம நான் போனு இல்லாத போறன். ரோஜா ஒண்ணும் எனக்கு போன் பண்ணாது."

இப்படியாக மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கு முகம் வந்தது. அதன்பின் ஒரு வகுப்பும் தவறவில்லை. பாடத்திட்டம் எழுதுவது எப்படி என்று பழகினேன். ஐந்து நிமிடப் பாடத்துக்கு நாலு பக்கம் எழுத வேண்டும். முதல் முப்பது நொடி ஆர்வமூட்டல், அடுத்த முப்பது நொடி கற்றல் விளைவைச் சொல்லுதல். எங்கள் லைனில் ஆர்வமூட்டலுக்கு முப்பது நொடி எடுத்தால் ஆறு பீஸ் போய்விடும்.

கடைசி வகுப்பில் பாடம் நடத்த வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கேஜ் வைத்து பீஸைச் சோதிப்பது. ஒரு பக்கம் பீஸ் நுழைய வேண்டும், இன்னொரு பக்கம் நுழையக் கூடாது. அப்படி இருந்தால் அளவு சரி. ஆனால் கேஜை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது திருட்டு. அதனால் பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் படம் போட்டுப் பத்து ஸ்லைடு தயார் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, என் முறைக்கு இரண்டு பேர் முன்னால் திறந்து பார்த்தால், மனைவியின் போனில் அந்த ஃபைல் திறக்கவே இல்லை.

எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அடுப்படியில் எலுமிச்சம்பழம் கிடந்தது. அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் மனைவியின் வளையல் ஒன்றும், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட வளையல் ஒன்றும் கிடந்தன. எடுத்துக்கொண்டு வந்து உட்கார்வதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார்.

ஆர்வமூட்டல் மறந்துபோனது. "எல்லாரும் எந்திரிச்சுப் போயி, ஊட்ல இருக்கற பெரிய வளையல் ஒண்ணு, சின்ன வளையல் ஒண்ணு, எலுமிச்சம்பழம் எத்தன கெடைக்குதோ அத்தனையும் எடுத்துனு வாங்க" என்றேன். லைனில் பேசுவது போலவே வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டமாகக் காலியானது. எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. இரண்டு மாதமாக அட்டெண்டன்ஸ் போட்டோவுக்கு மட்டும் முகம் காட்டிவிட்டுப் பெயராக உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் பழத்தோடு முகத்தைக் காட்டினார்கள்.

"பெரிய வளையல்ல பழம் நொழையணும். சின்னதுல நொழையக் கூடாது. ரெண்டுலயும் நொழைஞ்சா பழம் சின்னது, ரிஜெக்ட். ரெண்டுலயும் நொழையலன்னா பெருசு, அதுவும் ரிஜெக்ட். நான் சொல்ல மாட்டன். நீங்க போட்டுப் பாத்து, தேறுன பழத்த மட்டும் காட்டுங்க."

நாகரசம்பட்டி ஆசிரியர் ஒரு மாங்காயைத் திணித்துக்கொண்டிருந்தார். "சார், என்து நொழையவே இல்ல!" "அது வேற பார்ட்டு சார், அதுக்கு வேற கேஜ்" என்றேன். ஒரு அம்மா, "அடுத்தது, அடுத்தது" என்று மாமியாரிடம் பழம் கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. ஞாபகம் இருந்ததால் அல்ல, லைனில் கேட்டுப் பழக்கமில்லை. பீஸைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேடம் மணி அடித்தார். "சார், ஒன்பது நிமிஷம் ஆச்சு. ஸ்லைடு இல்ல. கற்றல் விளைவு சொல்லல. வகுப்புல சத்தம் ஜாஸ்தி." நிறுத்தி, காகிதத்தைப் புரட்டினார். "உங்க குவாலிஃபிகேஷன் என்ன சார்?"

வந்துவிட்டது. பழத்தைக் கீழே வைத்தேன்.

"ஒம்பதாவது, மேடம்."

யார் வீட்டிலோ குக்கர் ஒரு விசில் விட்டது. மேடம் திரையில் எதையோ தேடினார்.

"இங்க அனுபவம்னு இருக்கே."

"அதுவும் இருக்குது மேடம்."

"சிஸ்டம் அக்செப்ட் பண்ணிருச்சு சார். அப்ப ஓகே. நெக்ஸ்ட்?"

பத்து வாரம் நான் சரியாகத் தூங்காமல் காத்த ரகசியத்துக்கு இவ்வளவுதான் மரியாதை. நாகரசம்பட்டி ஆசிரியர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார்: 'உங்கள் ஷிஃப்ட் ஸ்கூல் எதுவென்று புரிந்தது சார். இதை நாளைக்கு என் வகுப்பில் செய்கிறேன்.'

சர்டிஃபிகேட் ஆடிட்டுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. பெயர் சரி, முத்திரை சரி. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம். முதல் வகுப்பில் ஸ்டிக்கருக்குப் பின்னால் நான் சிரித்த சிரிப்பு. ஹெச்.ஆர். அதை லேமினேட் செய்து டோஜோ சுவரில் மாட்டினார். ஆடிட்டர் முன்னால் என்ன சொல்லப் போகிறோம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "போட்டோ?"

"கம்பெனி பாலிசி சார்" என்றார் ஹெச்.ஆர். "கேமரா அலவ் பண்றதில்ல."

"வெரி குட்" என்று ஆடிட்டர் டிக் அடித்தார். ஒன்பதாவதா பத்தாவதா என்று கேட்கவே இல்லை. நாற்காலி என்னுடையதாயிற்று என்று முட்டியை நீட்டப் போனேன். அவர் என் மேஜையைப் பார்த்தார். புது ஆட்களுக்குக் காட்ட வைத்திருந்த இரண்டு வளையல்களையும் எடுத்தார்.

"இது கேஜா? காலிபிரேஷன் சர்டிஃபிகேட் எங்க?"

அளவு சோதிக்கிற எந்தச் சாமானுக்கும் வருடத்துக்கு ஒரு முறை பேப்பர் வேண்டும் என்பது விதி. மறுநாளே வளையல் இரண்டும் அளவுக்கூடத்துக்குப் போயின. நம்பர் பொறித்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, ஆளுக்கொரு சர்டிஃபிகேட்டோடு திரும்பி வந்தன. இப்போது நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வருட ஆடிட்டில் வேறு ஆடிட்டர் வருவாரே என்ற கவலையோடு.

போன வாரம் உறவில் ஒரு கல்யாணம். மனைவி அலமாரியைத் துழாவினாள்.

"எம் வளையல எப்பங்க எடுத்துனு வருவீங்க?"

"வெளிய எடுத்துனு வந்தா திருட்டு. அது இப்ப கம்பெனி கேஜ்."

"வாங்கனது எங்கப்பன்."

"அதுக்கு எதுனா பேப்பர் இருக்குதா?" என்றேன்.