லூயி ராசா

பழவேற்காட்டில் ஏரியைத் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கிற குப்பத்தில் போய் விஜய் வீடு எது என்று கேட்டால், எந்த விஜய் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். ஐஸ் வண்டி விஜய் ஒருவன், நண்டு ஏற்றுமதிக்காரரிடம் வேலை பார்க்கும் விஜய் ஒருவன், ஒன்றும் செய்யாத விஜய் இரண்டு பேர். சாலமன் மகன் விஜய் என்று சொன்னால்தான் கையை நீட்டி வழி காட்டுவார்கள். அந்தக் குப்பத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பேர் அவனுக்கு இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊரெல்லாம் இருக்கிற பேரை எடுத்துக்கொண்ட கெட்டிக்காரன் அவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருக்கிறது, பெண்டாட்டி பிரின்சி இருக்கிறாள், மகள் மாலதி காலேஜ் போகிறாள். இந்தப் பேர் விஷயத்தை நினைத்தால் மட்டும் அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

ஞானஸ்நானத்தில் வைத்த பேர் லூயிஸ். அவன் அப்பா சாலமன் வாயில் அது லூயி. அதிலும் வெறும் லூயி கிடையாது, லூயி ராசா.

அந்தப் பேர் ஒரு நாயால் வந்தது. அவன் அம்மா ஆரோக்கியமேரியின் வயிற்றில் அவன் இருந்த சமயம், மீன் ஏலம் போடுகிற கரையில் ஒரு வெறிநாய் சாலமனின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அதே நாய் அன்றைக்கு இன்னொருத்தரையும் கடித்தது. அவர் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். கொஞ்ச நாளில் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்து அலறி அலறியே போய்ச்சேர்ந்தார். சாலமன் மட்டும் தினமும் பஸ் ஏறிப் பொன்னேரிக்குப் போய், தொப்புளைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு, வயிறு வீங்கி வந்து படுத்தார். பிழைத்தார். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது, அப்போதிருந்த பங்குச் சாமியார் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். "இந்த மருந்தைக் கண்டுபிடிச்சவர் பேரு லூயி. பிரெஞ்சுக்காரர். அந்த நாட்டு ராஜாக்கள் எத்தனையோ பேருக்கும் அதுதான் பேரு."

சாமியார் அதைச் சொல்லிவிட்டு மறந்திருப்பார். சாலமன் மறக்கவில்லை. தன் உயிரைக் காப்பாற்றியவர் பேரைப் பிள்ளைக்கு வைத்தார். பெண் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது.

சாலமனுக்குப் படிப்பு கிடையாது. காது மட்டும் தீட்டிவைத்த மாதிரி இருக்கும். பூசையிலோ டீக்கடை ரேடியோவிலோ லூயி என்ற பேர் விழுந்துவிட்டால் போதும், வலையில் விழுந்த மீனைப்போல அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஏழைகளைத் தன் பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்ட லூயி ராசா, செத்த பிறகு அர்ச்சிஷ்டவர் என்று புனிதர் பட்டம் பெற்றவர். சுவரெல்லாம் கண்ணாடி பதித்து அரண்மனை கட்டிய லூயி. ஜனங்கள் திரண்டு வந்து தலையை வெட்டிய லூயி. கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கப் புள்ளி எழுத்து செய்த லூயி. எல்லாம் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு கோளாறுதான். இவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள் என்று சாலமன் நம்பினார்.

அலுமினியத் தட்டில் கஞ்சியை வைத்துக்கொண்டு மகன் கேட்பான்.

"தலைய வெட்டிட்டாங்கன்றியே நைனா, அப்பால எப்டி நாய்க்கடிக்கு மருந்து கண்டுபுடிச்சாரு?"

"கண்டுபுடிச்சது முன்னாடிடா. வெட்டுனது அப்பால."

"மருந்து குட்த்தவர எதுக்கு வெட்டுனாங்க?"

"ஜனம் அப்டித்தான். நல்லது செய்றவனத்தான் வெட்டும். ஒண்ணியும் செய்யாதவன யாரு வெட்டப்போறான்? நீ துன்னுடா, லூயி ராசா."

ஆரோக்கியமேரி அடுப்படியிலிருந்து, "ராசாவுக்குக் கருவாடு வோணுமான்னு கேளு," என்பாள். அந்த வீட்டில் அவன் ராசாவாகவே வளர்ந்தான். வினை பள்ளிக்கூடத்தில் இருந்தது.

வருகைப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாத்தியார் "லூயிஸ்" என்று படித்தார். பின்பெஞ்சில் ஒருவன் "லூசு" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. லூசு உள்ளேன் ஐயா, லூசு வந்துட்டான், லூசுக்குப் பந்து போடாதே. கணக்கில் அவன்தான் முதல் மார்க்கு, அப்போதும் லூசுதான் முதல் மார்க்கு. படிப்பை விட்டுக் கடலுக்குப் போன பிறகும் அது விடவில்லை. கூடத் தொழில் செய்கிற ரஞ்சித் நல்ல சிநேகிதன், உயிரையே கொடுப்பான், ஆனால் அவனும் நடுக்கடலில் "லூசு, கயித்த இழு" என்றுதான் சொல்வான். ஒரு நாள் இவனே எல்லோரிடமும் சொல்லிவிட்டான், இனிமேல் என் பேர் விஜய் என்று. ஓட்டு அட்டை, பின்னால் வந்த ஆதார் எல்லாம் அந்தப் பேரிலேயே வாங்கினான். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. சாலமன் ஒருத்தர்தான் வரவில்லை. கரையில் நின்று கையைக் குவித்து, படகு திரும்பும் திசையைப் பார்த்து, "லூயி ராசா" என்று நீட்டி முழக்குவார். இவனுக்கு மானம் போகும்.

பிரின்சியைப் பேசி முடித்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பூசை முடிவில் கேட்பது வழக்கம். விஜய் முன்கூட்டியே போய்க் கெஞ்சிப் பார்த்தான். ஞானஸ்நானப் பேரைத்தான் வாசிக்க முடியும் என்றுவிட்டார் புதுச் சாமியார். முதல் ஞாயிறு, "சாலமன், ஆரோக்கியமேரி ஆகியோரின் மகன் லூயிஸ்" என்று வாசித்ததும், பின்னால் நின்ற ஒருவன் அடங்காமல், "லூசுக்குக் கல்யாணம்டோய்" என்றான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிரின்சியின் மாமா சாலமனை ஓரமாகக் கூப்பிட்டார். "மாப்ளைக்கு மண்டைல இன்னாவோ கொறைன்னு பேசிக்கிறாங்களே, நெசமா?"

சாலமன் கடகடவென்று சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "கொறையா? அவன் பேரு யாரு பேரு தெரியுமா?" என்று நாய்க்கடியில் ஆரம்பித்து அரண்மனை வரைக்கும் போய்விட்டார். சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் அப்பனுக்கு இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். விஜய்க்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் நடுவில் அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினான்.

"போதும் நைனா. உன்னாலதான் எல்லாம். இனிமே அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்ட, நான் திரும்பியே பாக்க மாட்டேன், ஆமா."

சாலமன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "சரிப்பா," என்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. விஜய் என்றும் சொல்லவில்லை. அந்தப் பேர் அவர் வாயில் நுழையவில்லையா, நுழைக்க மனசில்லையா, கடைசிவரை தெரியாது. "இந்தாப்பா" என்பார். மருமகளிடம், "உங்காளு எங்க?" என்பார். பேத்தி பிறந்ததும் "மாலதி அப்பா" என்று சுலபமாகிவிட்டது. படகின் பின்பக்கத்திலிருந்து கூப்பிட வேண்டுமென்றால், வாடைக் காற்றில் குரல் எடுபடாதபோதும், வெறுமனே "ஓய்" என்பார். ஒரு தடவை "லூ" வரைக்கும் வந்து, இருமி, "ஓய்" என்று மாற்றிக்கொண்டதை விஜய் தன் காதால் கேட்டான்.

அன்றைக்கே திரும்பி, சும்மா சொல்லு நைனா என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அது எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவனுக்கும் ஆத்திரம் அடங்கிப்போயிருந்தது. லூசு என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. ஆனால் அப்பாவிடம் போய் அப்படி ஒன்றைச் சொல்வது எப்படி? வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த ஆண்பிள்ளைகளின் வெட்கத்தை எதில் கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் ஐப்பசியில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சாலமன் அப்படியே சாய்ந்தார். வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணிவிட்டது. ஆம்புலன்ஸில் பொன்னேரி, அங்கிருந்து சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே யாரையும் விடவில்லை. விஜய் கூட வந்தவருக்குக் கொடுத்த பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் மற்ற நோயாளிகளின் ஆட்களோடு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மதியம் கதவு திறந்தது. சின்ன வயது நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டி, "ஊயின்னு யாராவது இருக்கீங்களா? ஊயி?" என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. விஜய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஊயியா? விசில் அடிக்கிற மாதிரி இருக்குதே," என்றார். அந்த வராந்தாவில் சிரிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. நாலைந்து பேர் சிரித்தார்கள். விஜயும் சிரித்தான். நர்ஸ் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, உள்ளே அத்தனை கட்டில்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "சாலமன் கூட வந்தவங்க வாங்க," என்றாள். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. விஜய் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் முகம் இன்னும் வாசல் பக்கமாகத் திரும்பியே இருந்தது.

"ரொம்ப நேரமா ஊயி, ஊயின்னு கூப்ட்டுக்கிட்டே இருந்தாருங்க. வாய் கோணிட்டதால சரியா வரல. நான் வெளிய வந்து கேட்டேனே. யாருங்க அது? அவரு சம்சாரமா?"

விஜய் அப்பாவின் கோணிய வாயைப் பார்த்தான். அந்த வாயில் லகரம் எப்படி வரும்? கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த மனுஷன் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கேட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததோடு நிற்கவில்லை, நாலு பேரோடு சேர்ந்து அவன் சிரித்தும் இருக்கிறான்.

"தெரியலங்க," என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ஒரு நாள், மாலதியிடம் லூயி என்று பேர் உள்ளவர்களை போனில் பார்க்கச் சொன்னான். அவள் தட்டித் தட்டிப் படித்தாள். ராசாக்களே பத்துக்கு மேல். பந்தியில் சோறு போட்டவர் ஒருவர், கண்ணாடி அரண்மனைக்காரர் ஒருவர், தலை போனவர் ஒருவர். மருந்துக்காரர் ராசாவே இல்லை, தோல் பதனிடுகிறவர் மகன். புள்ளி எழுத்துக்காரர் குதிரைச் சேணம் தைக்கிறவர் மகன். "தாத்தா எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிட்டாருப்பா," என்று மாலதி சிரித்தாள். இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் பெருமையையும் ஒரே ஆளுக்குச் சேர்த்து, அதைத் தூக்கித் தன் பிள்ளை தலையில் வைத்திருந்தார் அந்த மனுஷன்.

அன்றைக்குப் பிரின்சியிடம், "இனிமே என்ன லூயின்னு கூப்டு," என்றான். அவளும் ஆசையாக, "லூயி, சாப்ட வா," என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிட்டது. மறுநாளே பழையபடி விஜய்தான். அந்தப் பேர் வேறு குரலில் ஒட்டவில்லை.

இந்தத் தை மாதம், மீன் விற்கப் போன இடத்தில் பிரின்சியின் காலில் நாய் பல் பட்டுவிட்டது. விஜய் அவளைப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனான். தொப்புளைச் சுற்றியெல்லாம் இப்போது குத்துவதில்லை, கையில்தான். ஊசி போட்டுக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னதால் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "லூயிஸ். லூயிஸ் யாருங்க?"

அவன் எழுந்துவிட்டான். பிரின்சி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உன்ன இல்ல, அது வேற யாரோ." அவன் காதில் விழவில்லை. நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"நீங்கதான் லூயிஸா?"

"ஆமா."

"கை நீட்டுங்க. நாய் எங்க கடிச்சது?"

"எனக்கு ஒண்ணும் கடிக்கல, சிஸ்டர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குப் பின்னால், காலில் கட்டோடு ஒரு பெரியவர் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்.

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"கூப்ட்டீங்களே," என்றான்.