ரிக்மோர் பிடித்த அகழெலி

எங்கள் தெருவில் பால் டேங்கர் லாரி ஓட்டும் ஒரே பெண் ரிக்மோர். டென்மார்க்கின் வடக்கு யூட்லாந்தில், ஒடுங்கிய பண்ணைச் சாலைகளில், பனி உறைந்து கிடக்கும்போதும், அந்த நீள வண்டியைப் பின்பக்கமாகவே தொழுவ வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துவார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் தலை நிமிரும். ஆனால் நான் சொல்ல வந்தது லாரியைப் பற்றியல்ல. மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் ஓர் அகழெலியோடு அவர் மல்லுக்கட்டியதைப் பற்றி.

அவர் கணவர் டோர்கிலுக்கு மரக்கிடங்கு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்தி அவர் நடக்கப் பழகிய அந்த வசந்தத்தில்தான் இருவருக்கும் திருமணமாகி இருபத்தைந்து வருடம் நிறைய இருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அந்த நாளுக்குத் தெருக்காரர்கள் வாசலில் தழைகளால் வளைவு கட்டி, விடிந்ததும் வந்து பாட வேண்டும். தம்பதி வால்ஸ் நடனம் ஆட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டிக்கொண்டே வட்டத்தைச் சுருக்கி வருவார்கள். ஊர் மண்டபத்தில் வழவழப்பான தரை இருக்கிறதே என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். டோர்கில் கேட்கவில்லை. தன் கையால் விதை தூவி வளர்த்த புல்தரையில்தான் ஆடுவேன் என்றார்.

மே மாதம் அந்தப் புல்தரையில் முதல் மண்மேடு எழுந்தது, பூமி வெகுநேரம் யோசித்து ஒரு சொல்லை வெளியே தள்ளியதுபோல. பிறகு அது ஒரு வாக்கியமாக நீண்டது. மேடு பிரச்சினையில்லை, அடியில் ஓடும் வளைதான் பிரச்சினை. மண் உள்ளே இறங்குவது உயிருள்ள காலுக்குத் தெரியும். டோர்கிலின் புதுக் காலுக்குத் தெரியாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு எகில் பூண்டு புதைக்கச் சொன்னார். அது பலிக்காததால் ஹெர்ரிங் மீன் தலைகளைக் கொண்டுவந்து அவரே புதைத்தார். ஊர்ப் பூனைகள் எல்லாம் வந்து, அகழெலி தோண்டியதைவிட அதிகம் தோண்டிவிட்டுப் போயின.

ரிக்மோர் இரும்புப் பொறி வாங்கினார். கைவாசனை போக அதே புல்தரை மண்ணைப் பூசித் தேய்த்தார். புல்லைக் கத்தியால் கட்டியாக அறுத்தெடுத்து, வளைக்குள் பொறியை இறக்கி, வெளிச்சம் புகாமல் மூடினார். ஒன்றும் விழவில்லை. இடம் மாற்றினார். மேடு வேறெங்கோ எழுந்தது.

லாரி பட்டறைக்குப் போயிருந்த ஒரு நாள், வழக்கமாக விடியுமுன் கிளம்பிவிடுபவர் வீட்டில் இருந்தார். காபியோடு வெளியே வந்தவர் பார்த்தது டோர்கிலை. மேடுகளைத் தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டிவிட்டு, தண்ணீர் நிரப்பிய கனத்த உருளையைப் புல்தரை முழுக்க உருட்டிக்கொண்டிருந்தார். என் ஜன்னல் திறந்திருந்தது.

“எத்தனை நாளா இது?”

“மேடு வந்ததுலேர்ந்து. தெருவுல போறவனெல்லாம் பாக்கணுமா? நொண்டி வீட்டுப் புல்லு இப்படித்தான் கெடக்கும்னு சொல்லணுமா?”

ரிக்மோர் கத்தவில்லை. “நீ தினமும் அதோட வழிய நசுக்கி மூடுற. அது தினமும் புதுசா தோண்டுது. என் பொறி ஆளில்லாத வழியில உக்காந்திருக்கு. கொஞ்ச நாள் அசிங்கமா கெடக்கட்டும், டோர்கில். பாக்கறவன் பாக்கட்டும். எனக்கு உன்கூட ஆடணும்.”

டோர்கில் உருளையைக் கொட்டகையில் விட்டுப் பூட்டி, சாவியை ரிக்மோர் கையில் கொடுத்தார்.

மேடுகள் பெருகின. வேலியோரம் நின்று எகில் கேட்டார்: “என்ன டோர்கில், உருளைக்கிழங்கு போட்டுட்டியா?”

“ஆமா. தோண்டுறப்ப கூடை எடுத்துட்டு வா.” டோர்கிலின் காது மடல் சிவந்திருந்தது. ஆனாலும் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

ரிக்மோர் ஒவ்வொரு வளையின் மேலும் ஓரிடத்தில் மட்டும் விரலால் மெல்ல அமுக்கி வைத்தார். மறுநாள் ஒன்று மட்டும் பழையபடி எழும்பியிருந்தது. எலி நடமாடும் வழி அதுதான். பொறி அங்கே போனது. அடுத்த நாளே, எலி சிக்கியதற்கு அடையாளமாக, அதன் கைப்பிடிகள் அகல விரிந்து நின்றன. கறுப்பு வெல்வெட் உடம்பு, குழந்தையுடையதைப் போன்ற இளஞ்சிவப்புக் கைகள். “நல்ல உழைப்பாளி” என்று மட்டும் சொல்லி அதைப் புதைத்தார். வளைகளைத் திறந்து மணல் கொட்டி இறுக மிதித்து மூடினார். அப்புறம் மேடு எழவே இல்லை.

விழாவன்று அக்கார்டியன் இசை தொடங்கியதும் இருவரும் ஆடினார்கள். மெதுவாகத்தான். ரிக்மோர் அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை, தோளில் கைவைத்திருந்தார், அவ்வளவே. வட்டம் சுருங்கியது. தரை ஓரிடத்திலும் இறங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும், அதுவும் வழக்கம்தான், மாப்பிள்ளையைத் தூக்கி, ஷூவைக் கழற்றி, காலுறை நுனியைக் கத்தரிக்க வேண்டும். நாலு பேர் டோர்கிலைத் தூக்கினோம். கத்தரிக்கோலோடு மண்டியிட்ட எகில் அப்படியே கையை நிறுத்திவிட்டார். அவர் கையில் அகப்பட்டது செயற்கைக் கால். கைதட்டல் அடங்கியது.

எங்கள் தோள்மேலிருந்து டோர்கில் சொன்னார்: “வெட்டுடா எகில். அந்தக் காலும்தானே ஆடுச்சு.”

முதலில் கைதட்டியது ரிக்மோர்தான்.