எனக்கு ஓர் எதிராளி கிடைத்தார்

யாராவது என்னோடு ஒத்துப்போனால் எனக்குச் சலிப்பு வந்துவிடும். ஒத்தும் போகாமல், வாயையும் திறக்காமல் இருந்தால் கோபம் வரும். போன ஆண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

அப்பா அம்மா இருவரும் காலமான பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி ஊருக்கு வருவதாகச் சொன்னான். வந்ததும் நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் அக்கா தங்கைகள் ஒரு பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு, பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அந்த நிலத்தில் பங்கு வேண்டும். புடவை பீரோ நிறைய இருக்கிறது.

பெண்களுக்கு வயலில் பங்கு தருவது சரியா தப்பா என்று குழுவில் கேட்டேன். காலை வணக்கமும் பூங்கொத்துமாக நிரம்பி வழிந்த குழு ஊமையாகிவிட்டது. நீல டிக் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பெரியப்பா மகன் குழுவைவிட்டே வெளியேறினார். சித்தி தனியாகச் செய்தி அனுப்பினார்: நான் கேட்பது நியாயம்தானாம், ஆனால் தன் பெயரை இழுக்கக் கூடாதாம்.

அதே கேள்வியை டெல்டா விவசாயிகளின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் போட்டேன். ஒருவர் என் வளர்ப்பைப் பற்றி விசாரித்தார். இன்னொருவர் போய்ச் சமையலைப் பார்க்கச் சொன்னார். சமையலை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று பதில் போட்டேன். கூடவே, திட்டுகிறவர்கள் வேண்டாம், எதிர்த்துப் பேசுகிறவர் ஒருவராவது வாருங்கள் என்றும் எழுதினேன்.

வந்தார். சீர்காழிப் பக்கத்து விவசாயி. முகம் தெரியாது, படத்தில் ஒரு டிராக்டர்தான் இருந்தது. மரியாதை குறையாமல் மல்லுக்கட்டினார். சம்பா தண்ணீரில் மூழ்கினால் வடிகாலை வெட்டிவிட யார் ஓடி வருவது, வெளியூரில் வாழ்கிறவர் கைக்குப் போனால் வயல் தரிசாகத்தானே கிடக்கும் என்றார். நான் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறேன், பஸ் ஏறினால் அரை மணியில் எங்கள் வரப்பில் நிற்பேன், சிங்கப்பூரிலிருந்து என் தம்பி எப்படி ஓடி வருவான் என்று கேட்டேன். மறுநாள், "இந்தப் பாயிண்ட் உங்களுக்குங்க" என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மனிதர் லேசில் விடவில்லை. வயலைத் துண்டு போட்டால் அறுவடை இயந்திரம் திரும்பக்கூட இடம் இருக்காது என்றார். இரண்டு நாள் யோசித்தேன். இதில் அவர் சொன்னதுதான் சரி. ஒப்புக்கொண்டேன், என் திட்டத்தையும் மாற்றிக்கொண்டேன்.

தம்பி பத்திரமும் புடவையுமாக வந்து சேர்ந்தான். பங்கு கேட்டேன். அவன் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் சீர்காழிக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரோடு சண்டை போட்டே எனக்குப் பதில்கள் மனப்பாடம். கடைசியில், "வயலைக் கூறு போட்டா மிஷின் எப்படிக்கா எறங்கும்?" என்றான். இதை எப்போது கேட்பான் என்றுதான் காத்திருந்தேன்.

"கூறு போட வேணாம்டா. நம்ம ரெண்டு வயலும் ஏறக்குறைய ஒரே அளவு. ரோட்டோரத்து வயல் முழுசா உனக்கு, வாய்க்காலோரத்து வயல் முழுசா எனக்கு."

அவன், "எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கியேக்கா" என்று சிரித்துவிட்டான்.

அந்த வாரமே, விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. புடவையையும் நான் விடவில்லை. அதைக் கட்டிக்கொண்டு என் வயலில் நின்று படம் எடுத்து ஃபேஸ்புக் குழுவில் போட்டேன். வழக்கம்போல் இரண்டு பேர் திட்டினார்கள். அவர்களுக்குக் கீழே சீர்காழிக்காரர் எழுதியிருந்தார்:

"நான் இன்னும் உங்க கட்சிக்கு வரலைங்க. ஆனா நீங்க எழுதினதையெல்லாம் என் தங்கச்சி படிச்சிருக்கு. கையெழுத்துப் போட மாட்டேங்குது."