எருமை மிதித்த கை

வேம்புலியம்மாள் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது அது முதல் தடவை அல்ல. கல்யாணப் பந்தலில் சண்டை போட்டுத் தம்பியின் மண்டை உடைந்தபோது, தென்னை மட்டை விழுந்தது என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளைப் புருஷன் விறகுக்கட்டையால் அடித்தபோது, கூட்டிக்கொண்டு போய், கிணற்றடியில் வழுக்கிவிட்டாள் என்று சொன்னதும் இவள்தான். முத்தாபுதுப்பேட்டையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடித்தார்கள் என்று வாயைத் திறந்தால் அது போலீஸ் கேஸ். கம்பவுண்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்பார். ஸ்டேஷனுக்குப் போனால் அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அந்த ஊரில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. எல்லோரும் விழுகிறார்கள்.

அவள் பிறந்தது கரையான்சாவடிக்குப் பின்னால். கட்டிக்கொடுத்தது முத்தாபுதுப்பேட்டையில், தசரதனுக்கு. தசரதனின் அப்பா காலத்திலேயே நிலத்தில் பாதி சர்க்காருக்குப் போய்விட்டது, மீதி மனைகளாகிவிட்டது. மிஞ்சியது ஏரிக்கரைப் புல்லும் ஓர் எருமையும். தசரதன் கறப்பான். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போவாள். முதல் சங்கு ஊதுவதற்குள் எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட வேண்டும். சங்குக்குப் பிறகு வரும் பால் யாருக்கும் வேண்டாம்.

எருமைக்குப் பேபி என்று பெயர். கன்றாக வந்தபோது குவார்ட்டர்ஸ் வனஜா வைத்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, பாத்திரத்தை நீட்டும்போதே சிரிப்பாள்.

"இன்னைக்கு ஏரித் தண்ணியா, குழாய்த் தண்ணியாக்கா?"

"குழாத் தண்ணிக்கு நான் எங்க போறது? குழா உங்கூட்ல தான கீது."

பேபி தசரதன் கைக்குத்தான் மசியும். அவன் மடியைக் கழுவி, "இன்னாம்மா, மனசு எறங்கலியா?" என்று கேட்டு, விரலை மடக்கி இழுத்தால்தான் பால் இறங்கும். வேம்புலியம்மாள் போய் உட்கார்ந்தால் பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். உதைக்காது. நிற்கும், அவ்வளவுதான்.

எண்பத்தாறில், மழை முடிந்த மாதம், ஏரிக்கரையில் யாரோ திருட்டுக் கேபிளைப் போட்டுக் கொளுத்திச் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சாம்பல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் தசரதன் எருமையை மேய்த்துக்கொண்டிருந்தான். ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"எவன்டா கொளுத்தினது?"

"தெர்லீங்க சார். நான் வரசொல்லவே சாம்பலாத்தான் கீது."

"தினம் இங்கயே கெடக்கிற, உனக்குத் தெரியாம எவன் வருவான்? ஏறு."

ஜீப் போன பிறகு பேபி இருட்டும்வரை தண்ணீரிலேயே நின்றது. பிறகு தானாக வீட்டுக்கு வந்து, கட்டுத்தறிக்குப் பக்கத்தில், கட்ட ஆள் இல்லாமல் நின்றது. அதைப் பார்த்துத்தான் வேம்புலியம்மாளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது.

ஏரிக்கரையில் விசாரித்து ஸ்டேஷனுக்கு ஓடினாள். அங்கே கான்ஸ்டபிள் வேலுசாமி இருந்தார். அவர் வீட்டுக்கும் அவள்தான் பால் ஊற்றினாள்.

"விசாரிச்சுட்டு அனுப்பிடுவாங்கம்மா. இங்க நிக்காத."

"ஒரு வாட்டி கண்ணுல பாத்துட்டுப் போயிடறேன் சார்."

"சொல்றேன்ல. போ."

அவள் எதிரே டீக்கடை ஓரமாகப் போய் நின்றாள். ஸ்டேஷனுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ அதைச் சத்தமாக வைத்தார்கள். டீக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு எதையோ தேடுகிறவர்போலக் கடைக்குள் போய்விட்டார். ரேடியோவைச் சத்தமாக வைப்பது எதற்கு என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மறுநாளும் அவள் நின்றாள். மறுநாளும் ரேடியோ பாடியது.

மூன்றாம் நாள் காலையில், குமணன்சாவடியில் ஒரு காயலான் கடையில் செம்புக் கம்பியோடு நிஜத் திருடர்கள் பிடிபட்டார்கள். தசரதனை வெளியே விட்டார்கள். எந்தக் காகிதத்திலும் அவன் பெயரை எழுதவில்லை. படியில் நின்ற எஸ்.ஐ. கோபமில்லாமல்தான் பேசினார்.

"போ, போ. போய் எருமையப் பாரு."

தசரதன் வலது கையைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தான். அவள் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடினாள். இரண்டு பேரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "எப்படி ஆச்சு?" என்றார்.

தசரதன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "எரும மிதிச்சிட்சி சார்."

"எருமையா?"

"ஆமா சார். கறக்க சொல்லோ, கைய ஊனிகினு எழுந்துகினாரு. கால வெச்சிட்சி."

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். தசரதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு வெரலும் ஒரே கோட்டுல ஒடைஞ்சிருக்கு. எருமை அளவெடுத்தா மிதிச்சுது?"

"பெரிய எரும சார்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். வேறு ஏதாவது சொல்வார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வெளியே வரிசை நீண்டு நின்றது. எழுதினார்.

மாவுக்கட்டோடு திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. "நல்ல வேள, கேஸாவல" என்றாள். தசரதன் தலையாட்டினான்.

கட்டைப் பிரித்தபோது விரல்கள் கூடியிருந்தன, ஆனால் மடங்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. பேபியின் மடிக்கு அடியில் உட்கார்ந்து, "இன்னாம்மா" என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

அன்றிலிருந்து வேம்புலியம்மாள்தான் கறந்தாள். பேபி காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பால் குறைந்தது. குவார்ட்டர்ஸில் நான்கைந்து வீடுகளை விட்டுவிட வேண்டி வந்தது. வனஜா கேட்டாள், "என்னக்கா, பேபிக்கு உடம்பு சரியில்லையா?" அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே ஸ்டேஷன், ரேடியோ, விரல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதை யாராவது சொல்வார்களா?

வனஜாவின் புருஷன் மனோகரன் யூனியன்காரன். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா.

"போலீஸ்மேல போலீஸ்ல போய்ச் சொல்லக்கூடாதுக்கா. அவங்களுக்கு மேல கேக்கறதுக்கு ஆள் இருக்கு. கலெக்டருக்கு எழுதுவோம். ஆர்.டி.ஓ.வை விட்டு விசாரிக்கச் சொல்லுவாரு. அவரு போலீஸ் இல்ல, ரெவின்யூ. கூப்பிட்டா எஸ்.ஐ. வந்துதான் ஆகணும்."

"வருவாரா?"

"வந்துதான் ஆகணும். நஷ்டஈடும் கேப்போம்."

"காசெல்லாம் வாணாம் தம்பி. 'நாந்தான் அடிச்சேன்'னு ஒரு வாட்டி அந்தாளு வாயால சொல்லட்டும். நாலு பேரு எதிர்ல. அது போதும்."

மனோகரன் பேனாவை மூடாமல் அவளைப் பார்த்தான். "அதுதான்க்கா கஷ்டம்" என்றான். ஆனால் எழுதினான்.

தசரதனுக்கு இதில் இஷ்டமில்லை. "நாளைக்கு அதே ஏரிக்கரைக்குத்தானடி மாட்ட ஓட்டிகினு போவணும்" என்றான். யார் ஓட்டிக்கொண்டு போவது என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் கையைப் பார்த்திருப்பான்.

மனு போய், பதில் வராமல், திரும்ப மனு போய், வெயில் காலமும் வந்து போயிற்று. ஒரு நாள் விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்து சொன்னான். பயணியர் விடுதி ஒன்றில் ஆர்.டி.ஓ. உட்கார்ந்திருந்தார். வாசலில் மனோகரனை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க யாரு, வக்கீலா?"

"இல்ல சார். தெரிஞ்சவங்க."

"அப்ப வெளிய இருங்க."

எஸ்.ஐ. உள்ளே தொப்பியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சின்ன ஆளாகத் தெரிந்தார். வேலுசாமி சுவரோரம் நின்றார். ஆர்.டி.ஓ. கடுமையானவராக இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தசரதனைக் கையைக் காட்டச் சொல்லி எழுந்துவந்து பார்த்தார்.

"மடக்குங்க."

தசரதன் முயன்றான்.

"சரி, சரி. விடுங்க." வேலுசாமியிடம் திரும்பினார். "இந்த ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்லீங்கய்யா. வரவேயில்ல."

"சார்! இன்னா சார் இப்டி சொல்றீங்க?" வேம்புலியம்மாள் எழுந்துவிட்டாள். "இங்க நிக்காதன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

வேலுசாமி தரையைப் பார்த்தார். ஆர்.டி.ஓ. அவளை உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"எருமை மிதிச்சதுன்னு இருக்கே?"

ஒரு நிமிஷம் அவளுக்கு அவர் எதைப் பற்றிக் கேட்கிறார் என்றே புரியவில்லை.

"அது ஆஸ்பத்திரில சொன்னது சார்."

"யார் சொன்னது?"

"நாந்தான் சார். ஆஸ்பத்திரில அப்டித்தான் சொல்லுவோம்."

"அப்போ பொய் சொன்னீங்க."

"பொய் இல்ல சார். போலீஸ் கேஸாயிடும்னு..." அவள் நிறுத்தினாள். சொல்லச் சொல்ல அது வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"எந்த போலீஸ் அடிச்சதா சொல்றீங்களோ அந்த போலீஸுக்கே பயந்து சொன்னீங்களா?"

"பயம் இல்ல சார். வழக்கம்."

எஸ்.ஐ. தொப்பியைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க. இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் நம்பறது வேற. எழுதறதுக்கு எனக்கு ஏதாவது வேணும். எங்கிட்ட இருக்கறது எருமைதான்."

தசரதன் காட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "உட்டுடுங்க சார்" என்றான்.

வெளியே வந்ததும் எஸ்.ஐ. மோட்டார் சைக்கிளை உதைத்தபடி சொன்னார்: "எருமையக் கட்டிப்போட்டு வைம்மா."

மனோகரனுக்கு முகம் வாடிவிட்டது. "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே தம்பி."

அதற்குமேல் கோர்ட்டு இருக்கிறது என்றான். அங்கேயும் அதே தாள்தான் வரும் என்றும் அவனே சொன்னான். வனஜா வழக்கம்போல் பால் வாங்கினாள். தண்ணீரைப் பற்றி மட்டும் கேலி செய்யவில்லை.

விசாரணையில் நடந்தது எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. ஊரில் மூன்று தசரதன்கள். இவன் 'எருமை மிதிச்ச தசரதன்' ஆனான். ஸ்டேஷனில் நடந்தது தெரிந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடையாளத்துக்குச் சுலபமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை சொன்னது போய், இப்போது ஊரே நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

பேபி வற்றிக்கொண்டே வந்தது. தை கழிந்ததும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். மாட்டுத் தரகர் லோகநாதன் வந்தார். பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத்தத்திலேயே பேசி முடிப்பார்கள்.

தசரதன் பழக்கத்தில் வலது கையை உள்ளே விட்டான்.

துண்டு அசைந்தது. நின்றது. லோகநாதன் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்ப்பது மேலே துணியில் தெரிந்தது. தசரதனின் விரல்கள் எந்த எண்ணையும் சொல்லவில்லை. லோகநாதன் அவன் முகத்தைப் பார்த்தார். கை மட்டும் துண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாயாலயே பேசிக்கலாம் அண்ணாத்தே" என்றார் மெதுவாக.

சொன்ன விலை பாதிக்கும் கீழே இருந்தது.

"இன்னாய்யா இது?" என்றாள் வேம்புலியம்மாள். "இன்னும் ரெண்டு ஈத்து கீதுய்யா அதுக்கு."

"இல்லேன்னு சொல்லலம்மா. ஆள மிதிக்கிற எரும. எவன் வாங்குவான்?"

"அது மிதிக்கல! கொழந்தகூட அடில பூந்து போவும். அது மிதிக்கவேயில்ல."

"தெரியும்மா." அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். "இப்பத்தான் பாத்தேனே. நான் போய் இன்னான்னு சொல்லி விக்கறது? ஸ்டேஷன் பேரச் சொல்லியா?"

அவள் பேபியைப் பார்த்தாள். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த ஒரு வருஷத்தில், எருமை மிதிக்கவில்லை என்று அவள் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான். விலை ஏறவில்லை.

வேற்றாள் பிடித்தால் பேபி நகராது. மெயின்ரோடு வரைக்கும் தசரதனே ஓட்டிக்கொண்டு வரட்டும், அங்கே வண்டி நிற்கிறது என்றார் லோகநாதன். கயிறு விரலில் நிற்காததால் தசரதன் அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். முன்னால் அவன், பின்னால் பேபி, அதற்குப் பின்னால் வேம்புலியம்மாள். பேபி தன் மூக்கை அவன் முதுகில் இடித்துக்கொண்டே நடந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் வேலுசாமியும் இன்னும் இரண்டு போலீஸ்காரர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலுசாமி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். அவர் பக்கத்திலிருந்த இளம் கான்ஸ்டபிள் குரல் கொடுத்தான்:

"இன்னா தசரதா! பாத்து நைனா, மிதிச்சிடப் போவுது!"

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

தசரதனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, பேபியின் காலுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி நடந்தான், உண்மையாகவே பயப்படுகிறவனைப் போல. கயிறு இழுபட, ஏன் தள்ளிப் போகிறான் என்று புரியாமல் பேபி நடுரோட்டில் நின்றது.