வீட்டுக்குள் வரக்கூடாத காகிதங்கள்

"தள்ளி உக்காருடி. எழவுப் பத்திரிகை சேக்குற புள்ள அதுதான்."

காரவள்ளியில் பஸ் ஏறியதும் பின் சீட்டிலிருந்து காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன்.

என்னைப்போலவே காகிதம் சேர்க்கும் பைத்தியம் பிடித்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது. பஸ் டிக்கெட், விதைப் பாக்கெட், திருவிழா நோட்டீஸ் என்று எதைச் சேர்த்தாலும் ஊர் சிரித்துவிட்டுப் போகும். கருமாதிப் பத்திரிகையைத் தொட்டால் சிரிக்காது. படித்ததும் கிழித்து வெளியே போட வேண்டிய காகிதம் அது. எல்லாரும் கிழித்துவிடுவதால்தான் நான் சேர்க்கிறேன்.

அச்சகத்தில்

காளப்பநாயக்கன்பட்டியில் அச்சகம் வைத்திருக்கும் பாய், அடிக்கும் கருமாதிப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எனக்காக எடுத்து வைப்பார். கேட்க வாய் வராமல் நான் ஓரமாக நிற்பேன். அவரே பத்திரிகைக் கட்டை நீட்டுவார். போன மாதம் மேலாக ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருந்தது.

"இதையும் வெச்சுக்கம்மா. உன்னுது அடிக்கறப்ப மாடல் பாக்க ஆகும்."

பெட்டி

வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்காக வீட்டைக் கூட்டிய அம்மாவிடம், கட்டிலுக்கடியில் இருந்த பத்திரிகைப் பெட்டி அகப்பட்டது. அம்மா அதைக் கையால் தொடவில்லை. விளக்குமாற்றாலேயே வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஊர்ல செத்தவங்களையெல்லாம் ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கற. அவங்க வாரதுக்குள்ள நீயே எரிச்சுரு. இல்லீன்னா நான் அடுப்புல போட்டுருவேன்."

நான் எரிக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைத்தேன்.

சரசு

வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். பெயர் சரசு. பாய் அனுப்பினாராம். போன வருஷம் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து அவள் கணவர் இறந்துவிட்டார். சட்டைப் பையில் இருந்த போனும் நொறுங்கிவிட்டது. இருந்த ஒரே போட்டோ பத்திரிகை அடிக்கப் போய்த் தொலைந்தது. பத்திரிகையை ஊரே கிழித்துவிட்டது.

"ஆதார் கார்டுல இருக்குமே?" என்றேன்.

"அதைப் பாத்தா எம்புள்ள பயந்துக்குதுங்க. பத்திரிகையிலதான் சிரிச்ச மொகமா இருப்பாருங்க."

வாசலில்

சரசுவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தூரத்திலேயே புகை தெரிந்தது. ஓடினோம். அம்மா வெந்நீர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கொட்டகையிலிருந்து தேடி எடுத்துவந்த என் பெட்டி, பாதி காலியாக.

நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வழியில் சொல்லியிருந்தேன். அதனால் சரசு வேலிக்கு அப்பாலேயே நின்றுவிட்டாள். நான் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். ஒரே பத்திரிகையை இரண்டு முறை பார்த்தேன். இல்லை. சரசு அங்கிருந்தே அம்மாவிடம் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, சிரிச்ச மொகமா ஒருத்தரு இருந்தாருங்களா? எம்புள்ளைக்கு அவங்கப்பனைக் காட்டோணுங்க."

அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"ஐயோ சாமி, இப்பத்தான போட்டேன்!"

குச்சி தேடவில்லை. வெறுங்கையை அடுப்புக்குள் விட்டு, எரியும் பத்திரிகை ஒன்றை இழுத்து, முந்தானையால் அமுக்கி அணைத்தாள். எழுத்தெல்லாம் கருகியிருந்தது. முகம் தப்பியிருந்தது. அம்மா வேலிவரை நடந்து போய், சரசுவின் கையைப் பிடித்து, பத்திரிகையோடு அவளை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.